காதால் குறிபார்த்தல்: சிலம்ப ஒலி விளையாட்டு ஒன்றின் சண்டை அமைப்பு

திரையைப் பார்க்கவே தேவையில்லாத சிலம்பச் சண்டை விளையாட்டு ஒன்றை நாகர்கோவிலில் என் வீட்டுக் கணினியில் உருவாக்கி வருகிறேன். பார்வையற்ற இளைஞர்கள் ஆடுவதற்காகத் தொடங்கியது இது. விண்டோஸில் ஓடும், பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்டது, ஒலிகளை முப்பரிமாணத்தில் நிறுத்துவதற்கு ஓப்பன்ஏஎல் சாஃப்ட் என்ற திறந்தமூல நூலகத்தைப் பயன்படுத்துகிறேன். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே உள்ள களரியில், அதாவது சிலம்பப் பயிற்சிக் களத்தில், ஆட்டக்காரர் கம்பைப் பிடித்து நிற்பார்; எதிரிகள் நாலாபுறமும் இருந்து வருவார்கள்; ஹெட்ஃபோனில் கேட்கும் ஒலியை மட்டும் நம்பி அவர்களை அடிக்கவும் தடுக்கவும் வேண்டும். கதை அவ்வளவுதான். எதிரி எங்கே நிற்கிறான் என்று காதுக்குத் தெரிவதற்கும், அந்த இடத்தில் கை சரியாக அடிப்பதற்கும் நடுவே உள்ளதை ஒழுங்குபடுத்துவதில்தான் என் உழைப்பின் பெரும்பகுதி போயிற்று. இந்தப் பதிவு அதைப் பற்றியது மட்டுமே.

வேலை முழுவதையும் ஒரே விதியின்கீழ் செய்தேன்: காது எதில் கூர்மையோ அதையே சண்டையின் திறமையாக வைக்க வேண்டும், எதில் மழுங்கலோ அங்கே விளையாட்டு தாராளமாக உதவ வேண்டும். நேர் எதிரே இருக்கும் ஒலி ஒரு பாகை அளவுக்கு நகர்ந்தாலே காது கண்டுபிடித்துவிடும். தாளத்தில் விழும் சிறு பிசகையும் அது விடாது. ஆனால் பக்கவாட்டில் அந்தக் கூர்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. முன்னா பின்னா என்பதில் அடிக்கடி ஏமாறுகிறது. தூரத்தைக் கணிப்பதிலோ மிகவும் மோசம். படம் உள்ள சண்டை விளையாட்டின் விதிகளை அப்படியே எடுத்து, படத்தை மட்டும் நீக்கினால் ஆட்டம் விளங்காமல் போவதற்கு இதுவே காரணம்.

முதலில் ஒலிப்பதிவு. ஓப்பன்ஏஎல்லில் ஒற்றைத்தட (மோனோ) ஒலிகளை மட்டுமே ஓர் இடத்தில் நிறுத்த முடியும். இரட்டைத்தட (ஸ்டீரியோ) ஒலியைக் கொடுத்தால் எந்தப் பிழைச்செய்தியும் காட்டாமல், நாம் கொடுத்த இடத்தைப் பொருட்படுத்தாமல், அப்படியே இரு காதிலும் ஓட்டிவிடும். கைப்பேசியில் பதிவு செய்பவை இரட்டைத்தடமாக இருக்கக்கூடும் என்பதால், எல்லாவற்றையும் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒற்றைத்தடமாக மாற்றிய பிறகே விளையாட்டில் சேர்க்க வேண்டியிருந்தது. எதிரியின் காலடி ஒலிக்கு ரப்பர் சருகைத் தேர்ந்தெடுத்தேன். நம் மாவட்டத்தில் டிசம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரை ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும். அந்த நாட்களில் தோட்டத்துக்குள் கால் வைத்தால் மொறுமொறுவென்று நொறுங்கும் சருகில் தாழ்ந்த அதிர்வெண் முதல் மிக உயர்ந்த அதிர்வெண் வரை எல்லாமே கலந்திருக்கும், ஒவ்வொரு அடியின் தொடக்கமும் வெடுக்கென்று இருக்கும். இடத்தைக் கண்டுபிடிக்கக் காதுக்குத் தேவையானவை இந்த இரண்டும்தான். மழை பெய்து சருகு ஊறிய பின் பதிவு செய்த அதே காலடி, மெத்தென்று ஒலித்து, எந்தப் பக்கம் என்றே பிடிபடாமல் போயிற்று. மின்னணு முறையில் உருவாக்கிய பீப் ஒலிகள் அதைவிட மோசம். அவை தலைக்குள்ளேயே எங்கோ தொங்குவது போலக் கேட்கும்.

இனிக் குறி. வலப்பக்கம் எழும் ஒலி வலக்காதை முதலில் அடைந்து, தலையைச் சுற்றி இடக்காதுக்குச் சற்றுத் தாமதமாகப் போகிறது. மனிதத் தலையின் அளவுக்கு அந்தத் தாமதம் கூடிப்போனால் ஒரு மில்லிநொடியில் மூன்றில் இரண்டு பங்குதான். இதோடு இரு காதிலும் ஒலியின் உரப்பு வேறுபடுவதையும் சேர்த்தே மூளை திசையை முடிவு செய்கிறது. சிக்கல் என்னவென்றால், முன்பக்கம் வலப்புறம் 30 பாகையில் இருக்கும் ஒலியும் பின்பக்கம் வலப்புறம் 150 பாகையில் இருக்கும் ஒலியும் ஏறக்குறைய அதே தாமதத்தைத்தான் தருகின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டுவது காதுமடலின் மடிப்புகள் உயர் அதிர்வெண்களில் செய்யும் மாற்றம். ஹெட்ஃபோனில் அந்த மாற்றத்தை நூலகம் ஒரு பொதுவான காதின் அளவீட்டைக் கொண்டு போலியாகச் செய்கிறது. அந்தக் காது நம் காதைப் போல இல்லையென்றால் பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பதாகவே தோன்றும். சோதித்துப் பார்த்தவர்களில் சிலருக்கு இது சிறிதும் தொல்லை தரவில்லை, வேறு சிலருக்கு ஆட்டமே இதனால் கெட்டது.

நிஜ வாழ்க்கையில் இந்தக் குழப்பம் வந்தால் தலையைச் சற்றுத் திருப்புவோம், உடனே தெளிந்துவிடும். ஹெட்ஃபோனில் தலையைத் திருப்பினால் உலகமும் கூடவே திரும்பும். ஆகவே திரும்பும் விசைதான் ஆட்டக்காரரின் கழுத்து. தொடக்கத்தில் ஓர் அழுத்தத்துக்கு 45 பாகை என்று தாவித் திரும்பும்படி வைத்திருந்தேன், ஒலி விளையாட்டுகளில் இது பழக்கமான முறைதான். ஆனால் தாவித் திரும்பும்போது, நடுவே ஒலி எந்தப் பக்கமாக நகர்ந்தது என்ற செய்தி முழுவதும் தொலைந்துவிடுகிறது. தொடர்ச்சியாகத் திரும்பும்படி மாற்றியதும், வலப்பக்கம் திரும்பத் திரும்ப ஒலி நடுவை நோக்கி வந்தால் அது முன்னால் இருக்கிறது, மேலும் வலது காதோரம் ஒதுங்கினால் பின்னால் இருக்கிறது என்பது ஆட்டக்காரருக்குத் தானாகவே பிடிபட்டது. இதோடு, முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஒலிகளில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியை வடிகட்டி கொண்டு குறைத்தேன். இயற்கையில் இவ்வளவு மந்தமாகக் கேட்காது என்பது உண்மைதான், ஆனால் இது விளையாட்டு, மிகைப்படுத்தினால் குற்றமில்லை.

குறி எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டே முடிவு செய்தேன். இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவனின் உடல் அரை மீட்டர் அகலம் என்றால், ஆட்டக்காரரிடம் இருந்து பார்க்கையில் அது சுமார் 14 பாகையை அடைத்து நிற்கும். ஆறு மீட்டர் தள்ளிப் போனால் அது ஐந்து பாகைக்கும் குறைந்துவிடும். கம்புக்கு எட்டும் தூரம் இரண்டு மீட்டரை ஒட்டித்தான் என்பதால் கம்புச் சண்டைக்கு இது பொருந்தியது. ஆட்டத்தில் கவண் வீசும் கட்டமும் உண்டு; அங்கேதான் இடித்தது. காதுக்கு ஐந்து பாகை கடினமே அல்ல; விசைப்பலகைக்குத்தான் கடினம். நொடிக்கு 180 பாகை என்ற வேகத்தில் திரும்பினால், 0.08 நொடி மட்டும் தட்டியெடுத்த விசைகூட 14 பாகை தள்ளிவிடுகிறது. எதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தாண்டிக்கொண்டே இருப்பான், நடுவில் நிற்கவே மாட்டான். விசையை அழுத்திய முதல் 0.15 நொடிவரை, நொடிக்கு 40 பாகை என்ற மெல்லிய வேகமும், அதன் பிறகு படிப்படியாக முழு வேகமும் என்று பிரித்தேன். இப்போது ஒரு தட்டுக்கு மூன்று பாகைதான் நகர்கிறது. முதுகுப்பக்கம் திரும்பவும் ஒரு நொடிக்குச் சற்றே கூடுதல் நேரம்தான் ஆகிறது. குறிபார்ப்பதில் மிகப் பெரிய பயன் தந்தது இந்த ஒரு மாற்றமே.

எதிரி குறிக்குள் வந்துவிட்டான் என்பதை எப்படிச் சொல்வது? நெருங்க நெருங்க வேகமாக ஒலிக்கும் பீப் பலருக்கும் பழக்கமானது. எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பீப்பைக் கேட்கத் தொடங்கியவுடன் ஆட்டக்காரர் எதிரியின் காலடியைக் கேட்பதை நிறுத்திவிடுகிறார். அதனால் குறிக்குள் நுழையும்போது ஒரே ஒரு சிறு சொடுக்கு, அதுவும் எதிரி நிற்கும் இடத்தில் இருந்தே ஒலிக்கும். வெளியேறும்போது வேறொரு மந்தமான சொடுக்கு. எதிரி விளிம்பில் தள்ளாடும்போது இரண்டும் மாறி மாறிப் படபடவென்று ஒலிக்காமல் இருக்க, நுழையும் எல்லையை எட்டுப் பாகையாகவும் வெளியேறும் எல்லையைப் பதினொரு பாகையாகவும் தனித்தனியே வைத்தேன்.

இந்த இடத்தில்தான் தானியங்கிப் பூட்டு பற்றிய விவாதம் எழுந்தது. டேப் விசையை அழுத்தினால் அருகில் உள்ள எதிரியின் பக்கம் ஆட்டக்காரரைத் தானே திருப்பிவிடும் ஏற்பாடு அது. 2020-இல் வெளிவந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் டூ, இத்தகைய பூட்டையும் ஒலிக்குறிப்புகளையும் சேர்த்தே பார்வையற்றவர்கள் முழுமையாக ஆடி முடிக்கக்கூடிய பெரிய விளையாட்டு என்ற பெயரைப் பெற்றது. பார்வையுள்ளவர்களுக்காகக் கட்டிய உலகத்துக்குள் பார்வையற்றவரை அழைத்துச் செல்ல அது சரியான வழி என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் ஒலியைத் தவிர வேறொன்றும் இல்லாத விளையாட்டில் பூட்டை வைத்தபோது, தக்கலையில் இருந்து வந்து சோதித்துத் தரும் தம்பி எல்லா எதிரிகளையும் அசராமல் வீழ்த்திவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார். "அண்ணே, ஜெயிச்சாச்சு. ஆனா இதுல எனக்கு என்ன வேல இருக்கு? டேப், அடி, டேப், அடி. அவ்வளவுதான?" என்றார்.

பூட்டை நீக்கிவிட்டு, அதே விசைக்கு வேறு வேலை கொடுத்தேன். இப்போது அதை அழுத்திப் பிடித்தால் தேர்ந்தெடுத்த எதிரியின் ஒலி அப்படியே இருக்க, மற்ற எல்லா ஒலியும் 6 டெசிபெல் தாழ்கின்றன. திரும்பும் வேலையை ஆட்டக்காரர்தான் செய்ய வேண்டும். காது கொடுத்துக் கேட்பதற்கு ஒரு விலையும் உண்டு: அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஆட்டக்காரர் பாதி வேகத்தில்தான் நகர்வார். பழைய பூட்டை முழுக்க எறிந்துவிடவில்லை. கைநடுக்கம் உள்ளவர்களுக்கும் ஒரு காதில் மட்டும் கேட்பவர்களுக்கும் அது தேவை என்பதால் அமைப்புகளில் இருக்கிறது, ஆனால் தானாக இயங்காது.

தூரத்துக்கு வருகிறேன். தூரம் இரட்டிப்பாகும்போது உரப்பு 6 டெசிபெல் குறையும் என்பது நூலகத்தின் இயல்பான கணக்கு, ஆனால் மெல்ல ஒலிப்பது தொலைவால்தானா அல்லது எதிரி பதுங்கி நடப்பதாலா என்று காதால் சொல்ல முடியாது. இதில் ஆட்டக்காரரின் திறமையைச் சோதிப்பது அநியாயம் என்று முடிவு செய்து, கம்பு எட்டும் தூரத்துக்குள் வந்தால் மட்டும் எதிரியின் மூச்சு கேட்கும்படி வைத்தேன். மூச்சு கேட்டால் அடி எட்டும், கேட்காவிட்டால் எட்டாது. இதைவிடச் சுருக்கமாக எந்த அறிவுரையும் தேவைப்படவில்லை. ஆட்டத்தின் தொடக்கத்தில் இதை விளக்கும் பகுதியையே பிறகு நீக்கிவிட்டேன்.

தடுப்பதற்கான நேரத்தை அமைத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குமரி மாவட்டத்தில் அடிமுறை என்ற தற்காப்புக் கலையும் சிலம்பமும் இன்றும் ஆசான்களிடம் நேரடியாகக் கற்கப்படுகின்றன. கம்பு வீச்சைப் பதிவு செய்யக் களரி ஒன்றுக்குப் போயிருந்தபோது, எதிரி அடிப்பதை அறிவிக்க வீச்சின் 'விர்ர்' ஒலியையே பயன்படுத்தப்போகிறேன் என்று ஆசானிடம் சொன்னேன். அவர் ஒப்பவில்லை. "மக்கா, கம்பு சத்தம் கேட்டப்பொறவு எவன் தடுப்பான்? கால கேளு. சுவடு மாறாம ஒருத்தனும் அடிக்க மாட்டான்," என்றார். பதிவை ஆடாசிட்டியில் திறந்து அலைவடிவத்தைப் பார்த்தபோது அவர் சொன்னது அப்படியே தெரிந்தது. முதலில் பின்னங்கால் மண்ணில் உரசித் திரும்பும் கரகரப்பு, பிறகு ஒரு சிறு மௌனம், அதன் பின்தான் கம்பு காற்றைக் கிழிக்கும் உயர்ந்த முகடு. கம்பின் முனை வேகம் பிடித்த பிறகே அந்த ஒலி எழுகிறது. அப்போது அடி விழ மிகச் சொற்ப நேரமே மிச்சம்.

எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒற்றை ஒலிக்கு ஒரு விசையை அழுத்த மனிதருக்குச் சுமார் 0.15 நொடி ஆகும். இடமா வலமா என்று தேர்ந்து அழுத்த வேண்டுமென்றால் அதைப் போல இரு மடங்கோ அதற்கு மேலோ ஆகும். எனவே எதிரியின் அடியை மூன்று கட்டமாகப் பிரித்தேன்: சுவடு, அதாவது கால் வைக்கும் நிலை, மாறும் கரகரப்பு, வீச்சு, அடித்த பின் அவன் தன்னை மீட்டுக்கொள்ளும் தடுமாற்றம். புதியவர்களுக்குச் சுவடுக்கும் அடிக்கும் இடையே 0.7 நொடி, தேர்ந்தவர்களுக்கு 0.4 நொடி. கரகரப்பு எந்தக் காலில் இருந்து எழுகிறதோ அந்தப் பக்கமே அடி வரும். 'இடது', 'வலது' என்று குரலில் அறிவித்தும் பார்த்தேன். சொல் முடிவதற்குள் அடி விழுந்துவிடுகிறது. பேச்சு சண்டைக்கு ஆகாது. உயிர்நிலை, அதாவது ஆட்டக்காரருக்கு மிச்சமுள்ள உயிர், எவ்வளவு என்று கேட்டால் மட்டும், அதுவும் தனி விசையை அழுத்தினால் மட்டும், என்விடிஏ திரைவாசிப்பான் வழியாகத் தமிழில் சொல்லும்.

இந்த நேரக்கணக்கு எல்லாவற்றையும் குலைக்க ஒரு புளூடூத் ஹெட்செட் போதும். சாதாரண புளூடூத் ஹெட்செட்களில் ஒலி 0.15 முதல் 0.25 நொடிவரை தாமதமாகக் காதுக்கு வருகிறது. மார்த்தாண்டத்தில் இருந்து ஆடிப் பார்த்த கல்லூரி மாணவி ஒருவர், தான் சரியாகத் தடுத்தும் அடி விழுகிறது என்று விடாமல் சொன்னதற்குக் காரணம் இதுதான். சீரான தாளத்தில் கொட்டடி ஒலிக்க, அதோடு சேர்ந்து விசையைத் தட்டச் சொல்லி, சராசரித் தாமதத்தை அளந்து, தடுக்கும் நேரத்தை அந்த அளவு தள்ளி வைக்கும் பக்கம் ஒன்றைச் சேர்த்தேன். தடுப்பது சரியாகிவிட்டது. குறிபார்ப்பது மட்டும் சரியாகவில்லை, அது சரியாகவும் ஆகாது. காரணம் எளியது: திரும்பும்போது ஆட்டக்காரர் ஒவ்வொரு கணமும் ஒலியைக் கேட்டுக் கேட்டுத் தன் கையைத் திருத்துகிறார். நொடிக்கு 180 பாகை வேகத்தில் திரும்பும்போது 0.2 நொடித் தாமதம் என்றால், எதிரி நடுவில் இருப்பதாகக் கேட்டு விசையை விடும் கணத்தில் ஆட்டக்காரர் ஏற்கெனவே 36 பாகை தாண்டிப் போயிருப்பார். எந்தக் கணக்கும் இதைப் பின்னோக்கித் திருத்த முடியாது. கம்பியுள்ள ஹெட்ஃபோன் வேண்டும் என்று ஆட்டத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். நூறு இருநூறு ரூபாய்க்கு நாகர்கோவில் வடசேரிக் கடைகளிலேயே கிடைக்கிறது.

பல எதிரிகள் ஒரே நேரத்தில் வரும்போது வேறொரு சிக்கல். ஒரே காலடிப் பதிவை இருவருக்கும் கொடுத்து, இருவர் காலும் ஏறக்குறைய ஒரே கணத்தில் பட்டால், மூளை அவற்றை ஒரே ஒலியாக இணைத்து, முதலில் வந்த திசையில் மட்டும் வைத்துவிடும். எதிரொலி நிறைந்த அறையில் பேசுபவர் எங்கே என்று நாம் தடுமாறாமல் இருப்பது இந்தத் தன்மையால்தான். சண்டையிலோ இது ஓர் எதிரியை முற்றாக மறைத்துவிடுகிறது. காலடிகளுக்கு இடையே குறைந்தது 0.06 நொடி இடைவெளி இருக்கும்படி நிரலே ஒருவனின் நடையைச் சற்றுத் தள்ளிவிடுகிறது. ஆளுக்கொரு காலும் கொடுத்தேன்: ஒருவன் வெறுங்காலில் சருகை மிதிப்பான், இன்னொருவன் ஹவாய் செருப்பு குதிகாலில் அடிக்க நடப்பான். தடித்த ஆளுக்கு 'தொம்தொம்' என்ற தாழ்ந்த காலடி பொருத்தமாக இருந்தது, ஆனால் உயர் அதிர்வெண் இல்லாததால் அவன் முன்னா பின்னா என்று யாருக்கும் தெரியவில்லை. இடுப்பில் ஒரு சாவிக்கொத்தைத் தொங்கவிட்டதும் தீர்ந்தது.

அடிக்கும் உரிமை ஒரு நேரத்தில் ஒருவனுக்கே. மற்றவர்கள் சுற்றி வரலாம், நெருங்கலாம், ஆனால் அந்த உரிமை கைமாறும்வரை சுவடு மாற்றக் கூடாது. கைமாறவும் குறைந்தது 0.4 நொடி ஆக வேண்டும். இது எதிரிகளுக்குக் கற்றுக்கொடுத்த மரியாதை போலத் தோன்றலாம். ஆனால் இரண்டு கரகரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் எவ்வளவு தேர்ந்த காதும் இரண்டையும் பிரித்துத் தடுக்காது. ஒரே நேரத்தில் கேட்கும் எதிரிகள் மூவருக்கு மேல் போகாதபடியும் நிறுத்தினேன். பின்னணியில் ஆரல்வாய்மொழிக் காற்றும், ஒரு கட்டத்தில் குளச்சல் கரையின் அலையும் உண்டு. இரண்டுமே எல்லா அதிர்வெண்களையும் மூடும் ஒலிகள் என்பதால், முதல் எதிரி மூச்சுக் கேட்கும் தூரத்துக்கு வந்தவுடன் அவை 10 டெசிபெல் தாழ்ந்து, சண்டை முடிந்ததும் மெல்ல ஏறும். ரப்பர்க்காய் வெடிக்கும் 'பட்' ஒலியை மட்டும் வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறேன். அது எங்கோ வெடிக்கும்போது அவசரக்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பித் தடுப்பார்கள்.

கடைசியாக விசைகள். விலை குறைந்த விசைப்பலகைகளிலும் பல மடிக்கணினிகளிலும் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று பதிவாகாது. முன்னோக்கி அம்புக்குறி, இட அம்புக்குறி, இடைவெளிப் பட்டை ஆகிய மூன்றும் சேர்ந்தால் அடி விழாமலே போவது இதனால்தான்; ஆட்டக்காரரோ தன் குறி தவறியதாக நினைத்துக்கொள்வார். கன்ட்ரோல், ஷிஃப்ட் போன்ற துணை விசைகள் பெரும்பாலும் இந்தச் சிக்கலில் மாட்டுவதில்லை. ஆனால் ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் விண்டோஸ் ஒட்டுவிசை வசதியை இயக்கலாமா என்று கேட்டு ஆட்டத்தின் நடுவே நுழையும். ஆல்ட் சாளரத்தின் பட்டியல் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே அடிப்பதற்கு இடப்பக்கக் கன்ட்ரோல் விசையை வைத்தேன். என்விடிஏவில் கன்ட்ரோலை அழுத்தினால் பேச்சு உடனே நிற்கும் என்பதால், உயிர்நிலையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எதிரி பாய்ந்தால், அடிக்கும் அதே அழுத்தத்தில் குரலும் நின்று, காது முழுவதும் காலடிக்கே கிடைத்துவிடுகிறது.